கரிச்சித்தியும் மூச்சு மாறிய அடுப்பும்

கரிச்சித்தி தெருமுனையில் நின்று ஒரு தரம் அண்ணாந்து பார்த்தால் போதும். எந்த வீட்டில் என்ன விறகு எரிகிறது, அது போன வருடம் வெட்டியதா முந்தாநாள் வெட்டியதா, பற்ற வைத்தது கணவனா மனைவியா, இரண்டு பேரும் காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசிக்கொண்டார்களா இல்லையா என்பது வரை புகையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சரி, கடைசி இரண்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். விறகு வரைக்கும் சத்தியமான உண்மை; வேண்டுமானால் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெயர் பெற்றவர்கள் வைத்ததில்லை. அக்கா மகன் கூப்பிட்ட ‘சித்தி’யைத் தெரு எடுத்துக்கொண்டது, முன்னால் ஒட்டிய கரியைத் தொழில் கொடுத்தது. குளிர்காலம் வந்தால் ஊரில் முக்கால்வாசி வீடுகளின் கூடத்து மூலையில் இரும்பு விறகு அடுப்பு எரியும். சமையலுக்கில்லை, வீட்டில் சூடு தங்குவதற்கு. அடுப்பின் தலையிலிருந்து கிளம்பும் குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். அந்தக் குழாய்க்குள் படிகிற கரியைச் சுரண்டி இறக்குவதும், அடுப்பை ஆபத்தில்லாமல் எரிக்க ஜனங்களுக்குப் புத்தி சொல்வதும்தான் அவள் பிழைப்பு. இருபத்தாறு வருடமாக அதுதான். வயது ஐம்பத்தெட்டு, கூரை மேல் ஏறிவிட்டால் முப்பது.

அதற்கு முன்னால் பதினொரு வருடம் தபால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தினமும் அதே தெருக்கள், அதே புகைபோக்கிகள். பையைச் சுமந்துகொண்டு நடக்கிறவளுக்கு வேடிக்கை பார்க்க வேறென்ன இருக்கிறது? பார்த்துப் பார்த்தே கண் பழகிவிட்டது. நன்றாக எரிகிற அடுப்பின் புகை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஈர விறகின் புகை குழாயை விட்டு ஏற மனசில்லாமல் கூரையிலேயே படுத்துக்கொள்ளும். ஒரு தையற்காரர் வீட்டுப் புகை மூன்று நாளாக மஞ்சள் பூத்துக் கிடந்தது. கதவைத் தட்டி, “உங்க குழாய்க்குள்ள தார் மாதிரி கரி அப்பியிருக்கு, ஒரு நாள் உள்ளேயே பத்திக்கும்” என்று சொன்னாள். “கடுதாசி இருந்தா குடும்மா, ஜோசியம் வேண்டாம்” என்றார் அவர். நாலாம் நாள் அந்தக் குழாய் ரயில் போகிற மாதிரி இரைந்தது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. தையற்காரர் புருவத்தோடு தப்பித்தார், ஒரு புருவத்தோடு. அடுத்த மாதமே அவள் தபால் பையை ஒப்படைத்துவிட்டு, கம்பியும் பிரஷும் வாங்கிவிட்டாள்.

அவள் வேலை செய்கிற விதமே தனி. வீட்டுக்குள் வந்ததும் அடுப்பைத் தொடமாட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரரைப் பற்ற வைக்கச் சொல்வாள். “நான் வந்திருக்கேன்னு ஒழுங்கா பண்ணாதீங்க. தினம் எப்படிப் பண்றீங்களோ அப்படிப் பண்ணுங்க” என்பாள். பாதி வியாதி அதிலேயே தெரிந்துவிடும். இரண்டு விறகை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். காய்ந்ததானால் ‘டிங்’ என்று பேசும். ஈரமானால் ‘தொப்’ என்று முனகும். சாம்பலை அட்டைப் பெட்டியில் அள்ளி மர மாடத்தில் வைத்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியரின் கதையை எந்த வீட்டிலும் சொல்லாமல் வரமாட்டாள். சாம்பலுக்குள் தணல் நாலு நாள் உயிரோடு இருக்குமாம். தலைமையாசிரியரின் மாடம் எரிந்துபோனது இரண்டாம் நாள். அதிலிருந்து யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அவள் பரிசு ஒன்றே ஒன்றுதான்: மூடி போட்ட இரும்பு வாளி. பெண்ணும் மாப்பிள்ளையும் முழிப்பார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால், வந்த பரிசுகளில் புழக்கத்தில் இருப்பது அந்த வாளி மட்டுமாகத்தான் இருக்கும்.

இத்தனை பேர் வீட்டைக் காப்பாற்றியவளுக்குச் சோதனை சொந்த அக்கா வீட்டில் வந்தது.

அக்கா அவளைவிட ஏழு வயது மூத்தவள். மருந்துக்கடையில் முப்பது வருடம் நின்றவள். எந்த டாக்டர் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். புருஷன் போன பிறகு ஊரின் மறுகோடியில் அந்தச் சின்ன வீட்டில் தனியாக, யார் தயவுமில்லாமல் இருந்து வந்தாள். அப்படிப்பட்டவள் இந்தக் குளிர்காலத்தில் தடுமாற ஆரம்பித்தாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறந்தாள். டீயில் உப்புப் போட்டாள். மகனை அவன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரே கேள்வியை ஒரே போன் பேச்சில் மூன்று தடவை கேட்டாள். அந்தக் கேள்விக்கு மூன்று தடவையும் பதில் சொன்னது கரிச்சித்திதான். போனை வைத்துவிட்டு அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மகன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல பையன், அம்மா மேல் உயிர். அதனால்தான் முடிவெடுத்துவிட்டான். சித்திக்குப் போன் போட்டான்.

“அம்மாவை எங்க ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேன் சித்தி. வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். இப்படி இருக்கறவங்களை எரியற அடுப்போட தனியா விட முடியுமா, நீங்களே சொல்லுங்க.”

‘முடியும்’ என்று கரிச்சித்தியால் சொல்ல முடியவில்லை.

“அடுப்புக்கு ஆள் கிடைச்சிருக்கு. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வண்டி வரும். நீங்க வந்து கழட்டிக் குடுத்துட்டீங்கன்னா...”

“உங்கம்மா என்ன சொல்றா?”

“போக மாட்டேன்னு அழுதாங்க. அப்புறம் ரெண்டு நாளா பேசவே இல்ல. வெள்ளிக்கிழமையிலேருந்து அடுப்பைப் பத்த வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கரிச்சித்தி இரண்டு பஸ் மாறி, கருவிப் பையோடு அக்கா வீட்டுப் படியேறினாள். நூறு வீட்டில் அடுப்பைக் கழற்றியவள்தான். அன்றைக்குப் பை என்னவோ கல்லாகக் கனத்தது.

கூடத்தில் அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே ஆரம்பித்தாள்.

“வாடி, வா. அடுப்பைத் தூக்கிட்டுப் போக யாரையோ அனுப்புவான்னு பாத்தேன். கூடப் பொறந்தவளையே அனுப்பியிருக்கான். கூலி என்ன பேசியிருக்க?”

“அக்கா, நான் வந்து...”

“கையைக் கழுவிட்டு வந்து தொடு. போன தடவை நீ வச்ச கரி இன்னும் என் கதவுல இருக்கு.”

ஜன்னலோரம் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்த மகன் சித்தியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். மெதுவாகச் சொன்னான்: “இன்னிக்கு என்னவோ கொஞ்சம் தெளிவா இருக்காங்க.”

தெளிவாகத்தான் இருந்தாள், சண்டை போடுகிற அளவுக்கு. கரிச்சித்திக்கு அது மனதின் ஓரத்தில் உறுத்தியது. ஏனென்று அப்போது விளங்கவில்லை.

தரையில் துணியை விரித்தாள். அடுப்பின் கண்ணாடிக் கதவைக் கீலிலிருந்து தூக்கி எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். மண்டிபோட்டு உட்கார்ந்து, உள்ளேயிருந்த ஆறிய சாம்பலைக் கரண்டியில் அள்ளி வாளியில் போட ஆரம்பித்தாள். “எல்லாரும் டீ குடிச்சுட்டு என் வீட்டைக் காலி பண்ணுங்க” என்று அக்கா சமையலறைக்குள் போனாள். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமியது.

கரண்டியிலிருந்த சாம்பல் கரிச்சித்தியின் முகத்தில் வந்து அப்பியது.

இருமிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வெளியே காற்று வீசுகிறதோ? ஜன்னலுக்கு வெளியே மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. மறுபடி ஒரு கரண்டி அள்ளினாள். மறுபடியும் சாம்பல் தூசு அடுப்புக்குள் இழுபடாமல் அறைக்குள் மிதந்து வந்தது. அடுப்பு என்பது அறையிலிருக்கும் காற்றை உறிஞ்சி மேலே தள்ள வேண்டியது. இதுவோ மேலேயிருந்து இழுத்து, இவள் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது.

“அக்கா, அந்த ஃபேனை அணை.”

“கொதிக்குதுடி. ஆவி கூடமெல்லாம் வரும்.”

“அணைன்னா அணை!”

ஃபேன் நின்றது. முகத்தில் பட்ட சில்லென்ற காற்றும் நின்றது.

“இப்போ போடு.”

“உனக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சா? நம்ம குடும்பத்துக்கே வந்துடுச்சா?” என்றாலும் அக்கா போட்டாள்.

கரிச்சித்தி கையில் கிடைத்த பேப்பரிலிருந்து ஒரு துண்டு கிழித்து அடுப்பு வாய்க்கு நேராகப் பிடித்தாள். துண்டு அறைப் பக்கம் சாய்ந்து படபடவென்று ஆடியது. ஃபேனை அணைத்தால் நேராகத் தொங்கியது. போட்டால் மறுபடி ஆட்டம். நாலு தடவை பார்த்தாள். பிறகு துண்டைக் கீழே போட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

“அக்கா, உனக்குத் தலைவலி வருதா?”

“அதுக்கென்ன குறைச்சல். காலைல எழுந்திருக்கறப்பவே வந்துடும்.”

“தினமுமா?”

மகன் குறுக்கே வந்தான். “அதைத்தான் சித்தி நான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தா தலைவலியே கிடையாது. சாயங்காலம் பேத்தியோட செஸ் ஆடி ஜெயிச்சுட்டுத்தான் கிளம்புவாங்க. திங்கக்கிழமை பழையபடி ஆயிடுது. எங்களோட இருந்தா தெளிவா இருக்காங்க, தனியா இருந்தா தடுமாறுறாங்க. மனுஷங்க கூட இருக்கறதுதான் மருந்து.”

ஞாயிற்றுக்கிழமைகளில் கரிச்சித்தியும் அந்த ஃபிளாட்டில் இருந்திருக்கிறாள். செஸ் ஆட்டத்தையும் பார்த்திருக்கிறாள். மகன் நினைத்ததைத்தான் அவளும் இதுவரை நினைத்திருந்தாள். நேற்று முதல் அடுப்பு எரியவில்லை. இன்றைக்கு அக்கா தெளிவாக இருக்கிறாள். ஊரெல்லாம் புகையைப் படிக்கத் தெரிந்தவள், இதைப் படிக்காமல் போய்விட்டாள்.

“டேய், உங்க வீட்டுல என்ன இருக்குன்னு பாக்காதடா. இந்த வீட்டுல என்ன இருக்குன்னு பாரு” என்றாள்.

எழுந்து நின்று, அறையைப் புது வீட்டைப் பார்ப்பது போல ஒரு சுற்றுப் பார்த்தாள். கோடை முடிவில் அவள் வந்து குழாயைத் துடைத்துவிட்டுப் போனபோது இருந்த ஜன்னல்கள் பழைய மர ஜன்னல்கள்; இடுக்கெல்லாம் காற்று வரும். இப்போது இருப்பவை இரட்டைக் கண்ணாடி; எறும்பு மூச்சுக்கூட நுழையாது. அம்மாவுக்குக் குளிரக் கூடாதென்று மகன் போட்டுக் கொடுத்தது. எக்ஸாஸ்ட் ஃபேனும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான், பெரியது. அதனாலென்ன, அடுப்புக்குக் காற்று வர அவளே சுவரில் ஒரு துளை வைத்திருக்கிறாளே. விறகுக் கூடைக்குப் பின்னால்.

கூடையை நகர்த்தினாள். துளையைக் காணோம். அந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட கம்பளித் தொப்பி ஒன்று, குஞ்சம் வைத்து, சுவருக்குள் இறுகச் செருகி உட்கார்ந்திருந்தது.

“இது என்ன அக்கா?”

“ஏன், அழகா இல்லையா? அந்த ஓட்டை வழியா காத்து வந்து கால் விறைச்சுப் போகுது. அளவெடுத்துப் பின்னினேன்.”

“நான் மாட்டின வாயு அலாரம் எங்க?”

“அதுவா. கெட்டுப் போச்சு. சும்மா சும்மா கத்திச்சு. பேட்டரியைக் கழட்டி ரேடியோவுல போட்டேன்.”

கரிச்சித்தி விறகுக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அது கெடல அக்கா. இந்த வீட்டுல உருப்படியா வேலை செஞ்சது அது ஒண்ணுதான்” என்றாள்.

மகனுக்குப் பாதி புரிந்தது. மீதி புரிய மனம் இடம் கொடுக்கவில்லை. “ஃபேன் இழுக்குது, சரி. ஆனா அம்மா உப்புப் போட்டதுக்கும் அதுக்கும்... இன்னும் அரை மணில வண்டி வந்துடும் சித்தி. நீங்க அம்மா மேல இருக்கற பாசத்துல பேசறீங்க.”

“பாசத்தை நம்ப வேண்டாம். கண்ணால பாரு.”

ரேடியோவிலிருந்து பேட்டரியை எடுத்து அலாரத்தில் போட்டாள். எண் காட்டுகிற வகை அது, பூஜ்யம் என்றது. அதை ஜன்னலைப் பார்த்தபடி மேஜை மேல் வைத்தாள். கதவை அடுப்பில் மாட்டினாள். அக்காவைக் கூப்பிட்டு, எல்லா வீட்டிலும் சொல்வதையே சொன்னாள்: “தினம் எப்படிப் பண்ணுவியோ அப்படிப் பண்ணு.”

அக்கா பற்ற வைத்தாள். சின்னத் தீ. விறகு தணலானதும் காற்று வரும் தாழை முழுக்கத் தள்ளி மூடினாள். “இப்படி மூடிட்டா ரெண்டு கட்டை ராத்திரி முழுக்க வரும்” என்றாள் பெருமையோடு. கரிச்சித்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். துளையில் தொப்பி, மூடிய ஜன்னல்கள், ஃபேன் ஓட்டம், எல்லாம் இருந்தபடியே இருக்க, மூவரும் வெளியே வந்து வாசல் கதவை இழுத்துச் சாத்தினார்கள். இந்தப் பரீட்சையை வேறு யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்று அவள் பிறகு எல்லோரிடமும் சொல்லுவாள். அவளும் அதற்கப்புறம் செய்ததில்லை.

முற்றத்தில் குளிர் எலும்பைக் கவ்வியது. மூவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, சொந்த வீட்டை எட்டிப் பார்க்கும் திருடர்களைப் போல நின்றார்கள். பூஜ்யம். பூஜ்யம். வண்டிக்காரர் வந்து ஹாரன் அடித்தார். மகன் கையைக் காட்டி நிற்கச் சொன்னான். பூஜ்யம்.

“ஒண்ணுமில்ல பாத்தீங்களா” என்றான் மகன். அவன் குரலில் ஆறுதலா ஏமாற்றமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

கரிச்சித்தி எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தன் கணக்கு தப்பானால், அக்காவுக்கு வந்திருப்பது நிஜமான வியாதி. தொழிலில் ஒரு தடவையாவது தான் சொன்னது சரியாக இருந்தே ஆக வேண்டும் என்று அவள் இப்படி வேண்டிக்கொண்டதே இல்லை.

எண் பன்னிரண்டு ஆயிற்று. பிறகு முப்பது. எழுபது. அப்புறம் தாவித் தாவி ஏறியது. இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலாரம் அலறியது, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி மெல்லக் கேட்டது. அறையில் புகை துளிகூட இல்லை. மேஜை, நாற்காலி, பாதி அடுக்கிய பெட்டி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

“உள்ள ஒண்ணுமே தெரியலையே” என்றான் மகன்.

“தெரியாது. கார்பன் மோனாக்சைடு. விறகு மூச்சு முட்டி எரிஞ்சா வர்றது. காத்து வர வேற வழி இல்லாததால ஃபேன் அதைக் குழாய் வழியா வீட்டுக்குள்ளயே இழுத்துடுது. அதைத்தான் உங்கம்மா ரெண்டு மாசமா சுவாசிச்சுட்டு டீ போட்டிருக்கா. உப்பு எது சர்க்கரை எதுன்னு எப்படித் தெரியும்?”

ஃபேன் நிற்பதற்காக வெளிச்சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். முன்கதவையும் பின்கதவையும் வெளியிலிருந்தே அகலத் திறந்துவிட்டு, எண் மறுபடி பூஜ்யத்துக்கு வருகிற வரை ஒருவரையும் படியேற விடவில்லை. வண்டிக்காரர் வெறும் வண்டியோடு போனார்.

மகன் முற்றத்து மதிலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். “ஜன்னல் போட்டது நான். ஃபேன் வாங்கினது நான்.”

“தொப்பி பின்னினது நான்” என்றாள் அக்கா. அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவனோடு அவள் பேசிய முதல் பேச்சு அது.

“நல்ல ஜன்னல், நல்ல ஃபேன். தொப்பிகூட நல்ல தொப்பிதான், என் தலைக்கு ஆகும்” என்றாள் கரிச்சித்தி. “ஒண்ணு வைக்கறப்ப இன்னொண்ணை யாரும் நினைச்சுப் பாக்கல. ஜன்னல் மாத்தறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் வந்து ஒரு எட்டுப் பாத்திருக்கலாம்.”

அன்றைக்கே அக்காவை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பரீட்சை வைத்ததற்கு டாக்டரிடம் மூவருக்கும் சரியான திட்டு. பிறகு அவர், மூன்று வாரம் மகன் வீட்டில் இருக்கட்டும், நினைவு எப்படியிருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம் என்றார். அந்த மூன்று வாரத்தில் கரிச்சித்தி துளைக்குக் கம்பி வலை அடித்தாள். எதையும் செருக முடியாது. அடுப்பு எரியும்போது ஃபேன் ஓடாதபடி மகன் ஒரு சுவிட்ச் வைத்தான்; லிஃப்ட் கதவு மூடாமல் லிஃப்ட் நகராது அல்லவா, அந்த மாதிரி. காற்றுத் தாழ் முழுக்க மூடாமலிருக்க ஒரு திருகாணி. அலாரம் இரண்டு, அவற்றின் பேட்டரி ரேடியோவில் நுழையாத அளவு. மூன்று வாரம் முடிந்ததும் டாக்டர் இருபது கேள்வி கேட்டார். அக்கா இருபதுக்கும் பதில் சொல்லிவிட்டு, அவர் எழுதிய மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்தே படித்துக் காட்டினாள். வீட்டுச் சாவி அவள் கைக்குத் திரும்பி வந்தது.

அதற்கடுத்த வாரம் விறகுக்காரர் வந்தபோது மூவரும் வாசலில்தான் இருந்தார்கள். கரிச்சித்தி கட்டைகளை இரண்டிரண்டாகத் தட்டிப் பார்த்து, ‘தொப்’ என்றவற்றை வண்டியிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். விறகுக்காரர் சங்கடத்தோடு நெளிந்தார். மகனுக்கோ பெருமை தாங்கவில்லை.

“எங்க சித்தியை யாருன்னு நினைச்சீங்க? அன்னிக்கு வாசப்படியில கால வச்சாங்க. ஒரு தடவை மூச்சை இழுத்து மோந்து பாத்தாங்க. அவ்வளவுதான். ‘வீட்டுக்குள்ள விஷ வாயு இருக்குடா’ன்னு அங்கேயே சொல்லிட்டாங்க!”

விறகுக்காரர் வாயைப் பிளந்தார். கரிச்சித்தி மறுப்புச் சொல்லாமல் அடுத்த கட்டையைத் தட்டினாள். அவளுக்கு அந்தக் கதை பிடித்திருந்தது போலும்.

“மோந்து பாத்தாளாம்!” என்றாள் அக்கா. “அன்னிக்கு இவளுக்கு ஜலதோஷம், மூக்கே இல்ல. இருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, அதுக்கு வாசனையே கிடையாதுடா. ஒரு பேப்பர் துண்டைப் பிடிச்சுக்கிட்டு நாலஞ்சு தடவை என்னை ஃபேன் போடச் சொல்லித்தான் கண்டுபிடிச்சா. சொல்றதை ஒழுங்கா சொல்லு. இவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போய் மூக்கை நம்பி உக்காந்துடப் போறார்.”